குதிரை லாயத்தில் வளர்ந்த கிடார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கிடார் என்றவுடன் நம்மில் பலருக்கும் திரைப்பட இசைக்குழுவும், மின்சாரக் கம்பி செருகிய பளபளப்பான கருவியுமே கண்முன் வரும். சற்று விவரம் அறிந்தவர்கள் ஸ்பெயின் நாட்டின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் ஆறு தனித்தனித் தந்திகள் கொண்ட கிடாருக்கு வயது இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளே. அதற்கு முன்பு, கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டுக் காலம், அதே பெயரில் வேறொரு கருவி வாழ்ந்தது. அது உருவில் சிறியது, குரலில் மெலிந்தது, கற்றோர் பலரால் எள்ளி நகையாடப்பட்டது. அந்தப் பழைய கிடாரின் வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன்.

இயற்பியல் மாணவனுக்கு இது எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்டனர். காரணம் இரண்டு உண்டு. முதலாண்டு ஆய்வகத்தில் சுரமானியை வைத்துக்கொண்டு கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றி மாற்றி அளந்தோம் அல்லவா? அந்த விதிகளை வகுத்த மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636ஆம் ஆண்டில் இசையைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் கிடாரின் படமும் அதை வாசிக்கும் முறையும் உள்ளன. நம் பாடப் புத்தகத்துச் சூத்திரம் இசைக் கருவிகளின் நடுவே பிறந்தது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. இரண்டாவது காரணம் கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

நான்கு இணைகள்

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பண்டைக் கிரேக்கர்களிடம் 'கிதாரா' என்றொரு யாழ் வகைக் கருவி இருந்தது. அச்சொல்லே அரபு மொழி வழியாக ஸ்பெயினுக்கு வந்து 'கித்தார்ரா' ஆயிற்று என்பர். பெயர் வழிவழியாக வந்தது என்பதால் கருவியும் அவ்வாறே வந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. கிரேக்கரின் கிதாராவில் தந்தியை அழுத்தி வாசிப்பதற்குரிய கழுத்தே கிடையாது. பெயர் ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடுவது வரலாற்றில் ஆபத்தான வேலை.

நமக்குத் திட்டமாகத் தெரிகின்ற வரலாறு அச்சு இயந்திரத்தோடு தொடங்குகிறது. 1546இல் செவில் நகரத்தில் அலோன்சோ முதார்ரா என்னும் இசைஞர் ஓர் இசை நூலை அச்சிட்டார். அந்நூலின் பெரும்பகுதி விகுவேலா என்ற கருவிக்கு உரியது. ஆறே ஆறு உருப்படிகள் மட்டும் கிடாருக்கு. அச்சில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கிடார் இசை அந்த ஆறுதான்.

விகுவேலா என்பது கிடாரைப் போலவே இடை சிறுத்த உருவம் உடையது, ஆனால் பெரியது. தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் ஒரே விரல் அழுத்தும், ஒரே விரல் மீட்டும். இதை 'இணை' என்று சொல்வோம். விகுவேலாவுக்கு ஆறு இணைகள். அது அரண்மனைக் கருவி, படித்தவர்களின் கருவி. 1536இல் வலென்சியாவில் லூயிஸ் மிலான் வெளியிட்ட நூல் தொடங்கி 1576 வரை, நாற்பதாண்டுகளில் விகுவேலாவுக்காக ஏழு நூல்கள் அச்சேறின. அவற்றுள் 1554இல் வந்த நூலின் ஆசிரியர் மிகுவேல் தெ ஃபுவென்யானா இளமையிலேயே கண் பார்வை இல்லாதவர் என்பது நினைத்து நினைத்து வியக்கத் தக்கது. அவ்வளவு நுணுக்கமான எண் குறியீடுகளை அவர் யாரோ ஒருவருக்குச் சொல்லச் சொல்லத்தானே எழுதுவித்திருக்க வேண்டும்!

கிடாருக்கு இருந்தவை நான்கே இணைகள். 1555இல் ஹுவான் பெர்மூதோ என்ற பாதிரியார் எழுதிய இசைக்கருவி நூலில் இதற்கு எளிய விளக்கம் ஒன்று தருகிறார். விகுவேலாவில் முதல் இணையையும் ஆறாவது இணையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிடார். பெரிய வீட்டின் இரு ஓரத்து அறைகளையும் இடித்துவிட்டால் நடுவில் நிற்பது ஏழையின் வீடு என்பது போல!

பிரெஞ்சுக்காரர்களும் இந்தச் சிறு கருவியை விரும்பினர். 1550களில் பாரிஸ் நகரத்தில் லெ ருவா, பல்லார் என்ற இரு அச்சகத்தார் அதற்கென்றே நூல் வரிசை வெளியிட்டனர்.

பதினெட்டில் ஒரு பங்கு

அந்நாளில் தந்தி என்பது உலோகம் அன்று. ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு. வீணையில் நாம் மெட்டு என்று சொல்கிறோமே, அந்த மெட்டுகளும் குடல் நரம்பே. கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சிட்டிருப்பார்கள்; வேண்டுமானால் சிறிது நகர்த்தலாம். ஆனால் எங்கே கட்டுவது?

இங்குதான் ஒரு சங்கடம். மேலை நாட்டு இசை அறிஞர்கள் சுரங்களை எளிய பின்னங்களால் கணித்தனர். அக்கணக்கின்படி அரைச்சுர இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவினது அன்று. ஓரிடத்தில் 16க்கு 15; வேறோரிடத்தில் 25க்கு 24. ஒற்றைத் தந்திக் கருவியானால் ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கிடாரிலோ ஒரு மெட்டு எல்லாத் தந்திகளையும் குறுக்கே கடந்து செல்கிறது. ஒரு தந்திக்குப் பெரிய அரைச்சுரம் வரும்படி கட்டினால், பக்கத்துத் தந்திக்குச் சிறியது வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே நரம்பு முடிச்சு எப்படி நிறைவு செய்யும்? ஆகவே அரைச்சுரங்கள் அனைத்தையும் சமமாக்குவதே வழி. ஏட்டில் இதை ஒப்புக்கொள்ள அறிஞர்கள் தயங்கிய காலத்தில், மெட்டு கட்டுகிறவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

1581இல் வின்சென்சோ கலிலேயி என்னும் இத்தாலியர் இதற்கு ஒரு விதியை எழுதி வைத்தார். வானியல் மேதை கலிலேயோவின் தந்தை இவர். கிடாருக்கு உறவான லூட் என்னும் கருவியை வாசித்தவர். தந்தியின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கை விட்டு முதல் மெட்டைக் கட்டு, மிஞ்சிய நீளத்தில் மறுபடியும் பதினெட்டில் ஒரு பங்கை விட்டு இரண்டாவது மெட்டைக் கட்டு, இப்படியே போ. இவ்வளவுதான் விதி.

ஆசிரியரின் அனுமதியோடு இதை ஆய்வகச் சுரமானியில் நான் செய்து பார்த்தேன். பாலங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முதல் படியில் 5 சென்டிமீட்டர் குறைந்து 85. அடுத்தது 80.28. அடுத்தது 75.82. பன்னிரண்டாம் படியில் சரியாகப் பாதி, அதாவது 45 வந்தால்தான் மேல் ஸ்தாயி பிறக்கும். வருவதோ 45.33. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பிழை! ஸ்தாயி ஓர் இம்மியளவு தாழ்ந்தே ஒலிக்கும். சம அரைச்சுரத்தின் உண்மையான விகிதம் இரண்டின் பன்னிரண்டாம் படிமூலம், அதாவது 1.0595. பதினெட்டைப் பதினேழால் வகுத்தால் 1.0588. பிழைக்குக் காரணம் இதுவே.

அப்படியானால் கிடார் செய்தவர்கள் பல தலைமுறைகளாக இவ்விதியைக் கைவிடாமல் வைத்திருந்தது ஏன்? சுரமானியில் பாலத்தைத்தான் நகர்த்துகிறோம்; இழுவிசை மாறுவதில்லை. கிடாரில் விரலால் தந்தியைக் கழுத்தை நோக்கி அழுத்துகிறோம். அழுத்தும்போது தந்தி சிறிது இழுபடுகிறது, இழுவிசை கூடுகிறது, சுரம் சற்றே உயர்கிறது. விதியில் உள்ள தாழ்வை விரலின் அழுத்தம் பெரும்பாலும் நேர்செய்துவிடுகிறது. படிமூலம் காணத் தெரியாத தச்சனும் ஒரு கவராயத்தை வைத்துக்கொண்டு இவ்விதியால் நல்ல கருவி செய்துவிட முடிந்தது.

ஒரு மருத்துவரின் சிறு நூல்

பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் கிடாரில் ஐந்தாவது இணை ஒன்று சேர்ந்துவிட்டது. லிஸ்பனில் பெல்கியோர் தியாஸ் என்பவர் 1581இல் செய்த கருவி ஒன்று லண்டன் ராயல் இசைக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தியின் நீளம் 55 சென்டிமீட்டர் அளவே. இன்றைய கிடாருக்கு 65.

1596இல் பார்சலோனாவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஹுவான் கார்லோஸ் அமாத், தொழிலால் மருத்துவர். தனித்தனிச் சுரங்களை மீட்டுவதை அவர் கற்பிக்கவில்லை. ஐந்து இணைகளையும் ஒருசேர வருடி, மேலை இசையில் 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டை எழுப்புவதையே கற்பித்தார். பன்னிரண்டு படிகளிலும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு வகை, ஆக இருபத்து நான்கு சுரக்கூட்டுகளுக்கு எண் கொடுத்தார். எந்தப் பாட்டையும் எந்தப் படியிலிருந்தும் தொடங்கி வாசிக்கலாம். மெட்டுகள் சம அளவில் இருப்பதால்தான் இது இயலும். இதே இருபத்து நான்கு சுருதிகளிலும் விசைப்பலகைக் கருவிக்கு இசை எழுதி ஜெர்மானிய மேதை பாக் புகழ்பெற்ற தொகுப்பு ஒன்றை முடித்தது 1722இல். நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னால்! இரண்டும் ஒரே தரத்தவை என்று நான் சொல்ல வரவில்லை. பாக் இயற்றியது பெருங்கலை. அமாத் எழுதியது கையேடு. ஆயினும் எல்லைகளை முதலில் அளந்து பார்த்தது கையேடுதான்.

அந்தக் கையேட்டின் முதற்பதிப்பில் இன்று ஒரு பிரதியும் இல்லை. 1626ஆம் ஆண்டுப் பதிப்பே கிடைப்பவற்றுள் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் அந்நூலை அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இத்தாலியர்கள் இதை இன்னும் எளிதாக்கினர். 1606இல் ஃபிளாரன்ஸ் நகரில் ஜிரோலமோ மொன்டெசார்டோ வெளியிட்ட நூலின் நீண்ட தலைப்பே அதன் நோக்கத்தைப் பறைசாற்றுகிறது: எண்ணும் வேண்டாம், இசைக் குறியும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம், எவரும் தாமே கற்கலாம் என்று. ஒவ்வொரு கைநிலைக்கும் அகரவரிசையில் ஓர் எழுத்து. கோட்டுக்குக் கீழே சிறு கீறல் இருந்தால் கையைக் கீழ்நோக்கி வருட வேண்டும். மேலே இருந்தால் மேல்நோக்கி. வேடிக்கை என்னவென்றால், இந்த எழுத்துகளுக்கும் சுரங்களின் பெயருக்கும் தொடர்பே இல்லை. இசை அறிஞர்கள் 'ஜி' என்று அழைக்கும் சுரக்கூட்டுக்கு இங்கே 'ஏ' என்று பெயர், 'சி'க்கு 'பி'. ஒலியின் பெயர் அன்று அது. விரல்கள் நிற்கும் கோலத்தின் பெயர்.

மாட்டு மணி

கற்றோர் சினந்தது இதனால்தான். 1611இல் செபாஸ்தியான் தெ கோவர்ருபியாஸ் என்ற தேவாலயப் பெரியவர் ஸ்பானிய மொழிக்கு ஓர் அகராதி செய்தார். அதில் விகுவேலா என்ற சொல்லின் கீழ் ஒரு புலம்பலே எழுதியிருக்கிறார். கிடார் வந்தபின் விகுவேலா கற்பார் அருகிவிட்டனர், இது பெரிய இழப்பு என்கிறார். கிடாரோ மாட்டு மணிக்கு மேல் ஒன்றும் இல்லையாம். வருடி வாசிப்பது அத்தனை எளிது என்பதால் குதிரை லாயத்துப் பையன்கூடக் கிடார் வித்துவான் ஆகிவிடுகிறானாம்.

என் தந்தையார் மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள் நான். மாட்டு மணி ஓசையில் உறங்கி எழுந்தவனுக்கு அகராதிக்காரரின் உவமை வசையாகவே படவில்லை. ஆனால் அவர் சொன்ன மற்றொன்றைக் குறித்து நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். எளிதில் வந்தது அறிவாகாதா?

தந்தையார் கையெழுத்துக் கற்றது முதியோர் கல்வி வகுப்பில். அகர வரிசையில் தொடங்கி முறையாக அவர் படிக்கவில்லை. தம் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகளை மட்டும், கோலம் போடுவதுபோல், கோட்டின் மேல் கோடு இழுத்துப் பழகினார். எந்தக் கோட்டுக்கு எந்த ஒலி என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆனாலும் கட்டைவிரல் ரேகை வைத்த இடத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்து எழுத்துகளைப் பிற இடங்களில் கண்டு கண்டு மற்ற எழுத்துகள் பின்னால் வந்தன. இன்று பேருந்தின் பெயர்ப்பலகையை யாரையும் கேளாமல் படிக்கிறார். மொன்டெசார்டோவின் எழுத்துகளும் இவ்வாறே கை பழகிய கோலங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கல்லூரியிலேயே 'நோட்ஸ் வைத்துப் படிக்கிறவன்' என்று சிலரைச் சொல்லும்போது சொல்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறதே, அது அகராதிக்காரரின் சிரிப்புத்தான்.

கிடாரிலும் மற்றவை பின்னால் வந்தன. 1630ஐ ஒட்டி ஃபொஸ்கரீனி என்ற இத்தாலியர் அந்த எழுத்துகளோடு தனிச்சுரங்களைக் குறிக்கும் எண்களையும் கலந்து எழுதலானார். வருடலும் மீட்டலும் ஒரே உருப்படியில் மாறி மாறி வரும் புதிய நடை பிறந்தது. லாயத்துப் பையனின் வருடலைத் தள்ளிவிட்டு அது வளரவில்லை; அதன் மேலேயே வளர்ந்தது.

அரசர்களும் நரம்புகளும்

அதன் பிறகு கதை விரைந்து செல்கிறது. பாவியா நகரத்துக் கொர்பெட்டா தம் 1671ஆம் ஆண்டு நூலை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும், 1674ஆம் ஆண்டு நூலைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கும் காணிக்கையாக்கினார். ரோபேர் த விசே 1682இல் லூயி மன்னருக்குத் தம் நூலைப் படைத்தார். வயலின் மேதை ஸ்ட்ராடிவாரியும் கிடார் செய்தார். அவர் 1688இல் செய்தது ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஏளனம் அப்போதும் அடங்கவில்லை. நாட்குறிப்புப் புகழ் சாமுவேல் பெப்பிஸ் 1667இல் கொர்பெட்டா வாசிக்கக் கேட்டார். வாசிப்பு மிக அருமை என்று எழுதிய கையோடு, இவ்வளவு மோசமான கருவிக்கு இத்தனை உழைப்பு வீணாயிற்றே என்றும் வருந்தினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அதே பெப்பிஸ் மொரெல்லி என்ற இசைஞரைத் தம் வீட்டில் அமர்த்தி, தாம் பாடுவதற்கென்று கிடார்ப் பக்கஇசையோடு பாடல்களை எழுதி வாங்கினார். அந்தக் கையெழுத்துப் படிகள் கேம்பிரிட்ஜில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இக்காலத்து இசைஞர்களுள் எனக்குப் பிடித்தவர் ஸ்பெயினின் காஸ்பர் சான்ஸ். சமயக் கல்வி பயின்றவர். இத்தாலி சென்று இசை கற்றவர். 1674இல் சரகோசாவில் வெளிவந்த அவர் நூல் ஆசிரியர் பேசுவதைப் போலத் தெளிவாக இருக்கும் என்று இசை வரலாற்றாசிரியர்கள் பாராட்டுகின்றனர். தந்தி கட்டுவதைப் பற்றி அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள நம் இயற்பியல் உதவுகிறது. நீளமும் இழுவிசையும் மாறாதிருக்க, அதிர்வெண் தந்தியின் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கிடாரின் முதல் தந்திக்கும் தாழ்வாகக் கட்டிய ஐந்தாவது தந்திக்கும் அதிர்வெண் விகிதம் 3க்கு 1. எனவே ஐந்தாவது நரம்பு மூன்று மடங்கு பருமனாக இருக்க வேண்டும். பருத்த குடல் நரம்பு விறைப்பானது. அதன் ஒலி மந்தமாகிச் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் சிலர் பருத்த நரம்போடு ஒரு மெல்லிய நரம்பையும் இணையாக்கி, மேல் ஸ்தாயியில் கட்டினர். ரோமாபுரி இசைஞர்களோ நான்காவது, ஐந்தாவது இணைகளில் பருத்த நரம்பை அறவே நீக்கி, மெல்லியவற்றையே கட்டினர். வெறுமனே வருடுவதற்குப் பருத்தவை நல்லவை, நுணுக்கமாக மீட்டுவதற்கு மெல்லியவை நல்லவை என்பது சான்ஸின் தீர்ப்பு.

இப்படிக் கட்டினால், கட்டைவிரல் மீட்டும் ஐந்தாவது இணையே மூன்றாவதைவிட உயர்ந்து ஒலிக்கும்! அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு தந்திகளில் எடுக்கலாம்; ஒன்று அடங்குமுன் மற்றது எழும்; கோயில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பது போலிருக்கும். இந்த உத்திக்கு அவர்கள் இட்ட பெயரே 'சிறு மணிகள்' என்பது. மாட்டு மணி என்று பழித்த அகராதிக்காரர் இதைக் கேட்க உயிரோடு இல்லை.

தெருவிலிருந்து வந்த ஆட்டங்கள் சிலவற்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சரபந்தா என்ற ஆட்டப்பாட்டை ஆபாசம் என்று கருதி 1583இல் ஸ்பெயினில் தடை செய்தனர், மீறினால் கசையடி. சகோனா என்ற மற்றோர் ஆட்டம் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வந்தது என்று அக்காலத்தவரே எழுதினர். இரண்டையும் கிடார்க்காரர்கள் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் கொண்டுசென்றனர். அங்கே அவை வேகம் தணிந்து, அரசவைக்கு ஏற்ற நடையைப் பெற்றன. 1720இல் பாக் எழுதி முடித்த தனி வயலின் இசையில் மிகப் பெரியதும் மிகக் கடினமானதும் ஒரு சகோனாதான். கசையடிக்குத் தப்பிய சரபந்தாவும் அதே தொகுப்பில் இருக்கிறது. 1943இல் மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடி, சான்ஸுக்கு அடுத்த தலைமுறையினரான சந்தியாகோ தெ மூர்சியாவுடையது. அதில் ஆப்பிரிக்க அடிமைகளின் ஆட்டம் ஒன்றும் அரசவை நடனங்களுக்கு நடுவே எழுதப்பட்டுள்ளது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடல் நரம்பின் மீது மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் வித்தை பரவிற்று. பருமன் அதிகம் கூடாமலே ஓரலகு நீளத்தின் நிறை கூடியது. தாழ்ந்த சுரமும் தெளிவாக ஒலித்தது. துணைக்கு மெல்லிய நரம்பு தேவைப்படவில்லை. இணைகள் ஒற்றைத் தந்திகளாயின; கீழே ஆறாவது தந்தி ஒன்று சேர்ந்தது. 1800ஐ ஒட்டி இன்றைய கிடாரின் தந்தியமைப்பு நிலைபெற்றது. ஃபெர்னாண்டோ சோர், மௌரோ ஜூலியானி ஆகியோர் புகழ்பெற்றது அதைக் கொண்டுதான். உடலைப் பெரிதாக்கி இன்றைய உருவத்தைத் தந்தவர் அல்மெரியா ஊர்த் தச்சர் அந்தோனியோ தெ தோர்ரெஸ்.

நான்கு இணைச் சிறு கிடாரின் சுருதியமைப்பு இதற்கிடையில் அழிந்துவிடவில்லை. 1879இல் போர்ச்சுக்கலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒரு கப்பல் நிறைய மக்கள் ஹவாய்த் தீவில் போய் இறங்கினர். அவர்கள் கையோடு கொண்டுசென்ற சிறு கருவிகளிலிருந்து பிறந்ததே யுகுலேலி. அதன் நான்கு தந்திகளுக்கு இடையே உள்ள சுர இடைவெளிகள், பெர்மூதோ 1555இல் எழுதி வைத்தவையே.